பேட்டண்ட் படுத்திருக்கிறார்

நசீருதீன் பெயிலாகிவிட்டான் என்கிற செய்தி நல்லம்பள்ளியில் முதலில் தெரிந்தது புளி உடைக்கிற பெண்களுக்குத்தான். மெட்ராஸிலிருந்து வந்த ரிஜிஸ்தர் கவரைத் தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டுப் போனபோது, அவனுடைய வெல்டிங் பட்டறைக்கு எதிரே வேப்பமர நிழலில் காசியம்மாளும் இன்னும் சிலரும் சாக்கை விரித்துப் புளியங்காய் ஓடு தட்டிக்கொண்டிருந்தார்கள். மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. தெரு முழுக்கப் புளிப்பு வாசனை. நசீருதீன் கவரைப் பிரித்து, காகிதத்தின் தலையில் இருந்த இரண்டு வார்த்தைகளை எழுத்துக் கூட்டிப் படித்தான். எக்ஸாமினேஷன் ரிப்போர்ட். அதற்குக் கீழே பக்கத்துக்குப் பக்கம் அப்ஜெக்ஷன், அப்ஜெக்ஷன் என்றே இருந்தது.

"என்னாங்க பாய் சேதி?" என்று காசியம்மாள் கேட்டாள்.

"பரிச்ச ரிசல்ட்டு. போயிடுச்சு."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, சந்தை. ஆடு வாங்க வந்தவர்கள், விற்க வந்தவர்கள், இரண்டும் இல்லாமல் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் எல்லோருக்கும் மத்தியானத்துக்குள் சேதி போய்விட்டது. பட்டறைக்குப் பக்கத்தில் இருப்பது என்னுடைய சைக்கிள் கடை. பஞ்சர் ஒட்ட வந்தவரெல்லாம் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள்.

"ஏம்பா மாரப்பா, புள்ளகுட்டிக்காரன் இந்த வயசுல என்னா பரிச்ச எழுதுனான்?"

"அவன் எங்கீங்க எழுதுனான். கட்டிலு எழுதுச்சு."

"கட்டிலா?"

"ஆமாங்க. கட்டிலத்தான் மெட்ராஸ்ல பரிச்ச பண்ணாங்களாம். பெயிலு."

கேட்டவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, ஒட்டின வரைக்கும் போதும் என்று வண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டார். நான் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது.

கட்டில் சங்கதி தெரிய வேண்டுமென்றால் நசீருதீனின் மாமனார் அப்துல் ஷுக்கூர் ஒகேனக்கல்லில் விழுந்த கதை தெரிய வேண்டும். ஷுக்கூர் பாய் புளித் தரகர். ஒரு சுளையை நாக்கில் வைத்ததுமே அது எந்த மலையடிவாரத்து மரம் என்று சொல்லிவிடுவார். மரத்தைப் போய்க் கேட்கவா முடியும், யாரும் மறுத்ததில்லை. போன கோடையில் வியாபாரம் முடிந்த குஷியில் கூட்டாளிகளோடு ஒகேனக்கல் போனார். அங்கே எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் உச்சி முதல் உள்ளங்கால் வரை பூசி, பிடித்து, தட்டி எழுப்பிவிட்டார். அருவிக்குப் போய்க் குளித்துவிட்டு வருவதுதான் முறை. ஆனால் மீன் கடையில் வறுத்துக்கொண்டிருந்த வாசனை மூக்கைத் துளைத்தது. குளித்துவிட்டு வருவதற்குள் மீன் ஆறிவிடும் என்று பாய் கணக்குப் போட்டு, எண்ணெயோடேயே பாறை மேல் நடந்தார்.

சேலத்தில் இடது கால் எலும்பில் தகடு வைத்தார்கள். அசையாமல் படுக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார்கள். பெண்டாட்டி இல்லாத மனுஷன், இருப்பது ஒரே மகள். மகள் ரஹமத் பீவி அப்பாவைப் பட்டறையை ஒட்டினாற்போல் இருந்த தன் வீட்டுக்கே கொண்டுவந்து வைத்துக்கொண்டாள். ரஹமத் ஒல்லி, ஷுக்கூர் பாயோ நல்ல கனம். ஒவ்வொரு தடவை பெட்பேன் வைக்கவும் நசீருதீன் வெல்டிங்கை நிறுத்திவிட்டு ஓட வேண்டும், பக்கத்துக் கடையிலிருந்து நானும் ஓட வேண்டும். இரண்டு வியாபாரமும் படுத்துவிடும் போலிருந்தது.

அப்போதுதான் நசீருதீன் அந்தக் கட்டிலைச் செய்தான். இரும்புக் கட்டில்தான். நடுவில் ஒரு பலகை மட்டும் தனி. பக்கவாட்டுக் கைப்பிடியைத் தள்ளினால் அது கீழே இறங்கும், காரியம் முடிந்ததும் ஏறிக்கொள்ளும். தலைப்பக்கத்துக்குச் சைக்கிள் செயினும் பின்சக்கரத்து ஃப்ரீவீலும் வைத்தான். அது என் கடை ஃப்ரீவீல். படுத்திருப்பவர் ஒரு பட்டையைப் பிடித்து இழுத்தால் தலைப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாக உயரும், கையை விட்டாலும் ஃப்ரீவீல் பல் பிடித்துக்கொண்டு பின்னால் சரிய விடாது. இன்னொருத்தர் உதவியே வேண்டியதில்லை. ஷுக்கூர் பாய் டக்டக்கென்று சத்தம் கேட்க எழுந்து உட்கார்ந்து, "மாப்ளே, இது கட்டிலு இல்லடா, சிம்மாசனம்," என்றார். தெருவைப் பார்த்த முன்னறையில் அதைப் போடச் சொல்லி, அங்கிருந்தே புளிக்கு விலை சொல்ல ஆரம்பித்தார்.

தர்மபுரி டாக்டர் ஒருவர் சேலத்துக்குப் போகிற வழியில் கார் சைலன்ஸரை ஒட்டிக்கொள்ளப் பட்டறையில் நிறுத்தினார். கட்டிலைப் பார்த்தார். தானும் ஒரு தடவை பட்டையை இழுத்துப் பார்த்தார். "யோவ், இதுக்குப் பேட்டண்ட் வாங்குய்யா. இல்லன்னா நாளைக்கே எவனாவது காப்பியடிச்சுருவான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

பேட்டண்ட் என்பதை நசீருதீன் பட்டா என்று எடுத்துக்கொண்டு நேராகக் கிராம ஆபீசுக்குப் போனான். அங்கே இருந்தவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "சர்வே நம்பர் என்னா?" என்று கேட்டார்.

"அது கட்டிலுங்க."

"கட்டிலு எந்த சர்வே நம்பர்ல கெடக்குது?"

இப்படிச் சில நாள் போன பிறகுதான் ஹைஸ்கூல் சயின்ஸ் வாத்தியார் கை கொடுத்தார். மெட்ராஸில் வக்கீலாக இருக்கும் மச்சானைக் கேட்டு, எல்லாவற்றையும் இங்கிலீஷில் எழுதித் தந்தார். அதை டைப் அடித்தது தெரு முக்கில் இன்ஸ்டிடியூட் வைத்திருந்த தெரசா டீச்சர். தெரசா கெட்டிக்காரி. ஆனால் அவளிடம் ஒரு பழக்கம், யார் எதை அடிக்கக் கொடுத்தாலும் இலவசமாகப் பிழை திருத்திக் கொடுப்பாள். வாத்தியார் எழுதினதில் பேட்டண்ட் என்கிற வார்த்தை சில இடத்தில் சரியாகவும், மிச்ச இடத்தில் நடுவே ஒரு 'ஐ' சேர்த்துத் தப்பாகவும் இருப்பதாக அவளுக்குப் பட்டது. பேட்டண்ட் ஆபீசுக்கே போகிற பேப்பரில் பேட்டண்ட்டைத் தப்பாக எழுதுவதா என்று, கண்ட இடத்திலெல்லாம் அந்த 'ஐ'யைப் பிடுங்கிவிட்டாள். அப்படிப் பிடுங்கினதில் நோயாளி என்று அர்த்தம் வரும் பேஷண்ட் ஒருத்தர்கூட அந்தக் காகிதத்தில் மிஞ்சவில்லை. எல்லோரும் பேட்டண்ட் ஆகிவிட்டார்கள். இது எங்களுக்கு ரொம்பப் பின்னால்தான் தெரிந்தது.

கையெழுத்துப் போடுகிற நாளில் தெரசா வீட்டுக்கு வந்தாள். கையெழுத்துப் போட வேண்டியவன் நசீருதீன். ஆனால் ஷுக்கூர் பாய் கட்டிலில் பட்டையை இழுத்து எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"டீச்சரம்மா, என்னா எழுதியிருக்குதுன்னு தமிழ்ல சொல்லுங்க. எங்க வூட்டுல படிச்சுக் காட்டாம எந்தக் காகிதத்துலயும் கை வெக்கறதில்ல."

தெரசா பார்த்துப் பார்த்துச் சொன்னாள். "பேட்டண்ட்டானவர் கட்டிலின் மேல் மல்லாந்து படுத்திருப்பார். பேட்டண்ட்டின் தலைப்பக்கம் உயர்த்தப்படும். பேட்டண்ட்டுக்கு இயற்கை உபாதை வருகையில் நடுப்பலகை இறங்கும். எதற்காகவும் பேட்டண்ட் கட்டிலை விட்டு இறங்க வேண்டியதில்லை."

"பேட்டண்ட்டுன்னு சொல்றது யார?"

தெரசா கொஞ்சம் யோசித்தாள். அந்த அறையில் படுத்திருந்தது ஒருத்தர்தான். "நீங்கதாங்க பாய்."

அன்றைக்குப் பிடித்தது சனியன். பாய்க்கு நடை போய், உடை போய், படுக்கையே உத்தியோகமாகிவிட்டது. புளி மூட்டை கொண்டுவருகிற மலைக்காரர்களிடம், "நாந்தான் பேட்டண்ட்டு. கவர்மெண்டுக்கு எழுதிப் போயிருக்குது. சேங்ஷன் வர்ற வரைக்கும் எறங்கக் கூடாது," என்று கட்டிலைத் தட்டிக் காட்டினார். அவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

சேலத்து டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தார். எலும்பு நன்றாகச் சேர்ந்துவிட்டது, இனிமேல் நடந்தே ஆக வேண்டும், இந்தக் கோடைக்குள் கால் தரையில் படாவிட்டால் பிறகு எப்போதும் படாது என்று ரஹமத்தைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லி அனுப்பினார். அவள் தினமும் காலையில் எண்ணெய் போட்டுக் கால் பிடித்துவிட்டாள். நல்லி எலும்பு சூப்பும் கேழ்வரகுக் களியும் கொடுத்தாள். பாய் கட்டிலில் படுத்தபடி காலை மடக்குவார், நீட்டுவார், களியில் உப்புக் குறைந்தால் எட்டிக்கூட உதைப்பார். தரையில் மட்டும் வைக்க மாட்டார்.

ஒரு நாள் நானும் நசீருதீனும் இரண்டு பக்கமும் பிடித்து இறக்கப் பார்த்தோம். கால் கட்டை விரல் சிமெண்டுத் தரையைத் தொட்டதும் அவர் என் தோளைப் பிடித்திருந்த கை வேர்த்துப்போனது. வாய் மட்டும், "கேஸ் கெட்டுடும்டா, மெட்ராஸ்ல இருந்து திடீர்னு செக்கிங் வந்தா என்னா பதில் சொல்லுவ," என்று அதட்டியது. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. பாறை மேல் விழுந்த பயம் அவருக்கு இன்னும் போகவில்லை. பேட்டண்ட் என்கிற வார்த்தை அந்தப் பயத்துக்கு நல்ல போர்வையாகக் கிடைத்துவிட்டது. பாவமாகத்தான் இருந்தது.

அதனால் பெயில் என்று சேதி வந்த அன்றைக்கு ரஹமத் சேமியா பாயசம் வைத்தாள். எனக்கும் ஒரு டம்ளர் வந்தது.

"என்னாம்மா விசேஷம்?" என்றேன்.

"அவரு பெயிலாயிட்டாருங்கண்ணா."

"அதுக்குப் பாயசமா?"

"பின்ன? சேங்ஷனுக்காகத்தான் படுத்திருக்கறன்னு சொல்லிக்கிட்டிருந்தாரு அத்தா. இனிமே என்னா சொல்லுவாரு? ஒவ்வொரு தொழுகையிலயும் இவரு பெயிலாவணும்னுதான் கேட்டுக்கிட்டிருந்தன். அல்லா குடுத்துட்டான்."

கணவன் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஏதோ ஒரு கேட்டுக்கு வெல்டிங் வைத்துக்கொண்டிருந்தான். அவனுக்கும் ஒரு டம்ளர் பாயசம் போனது, ஏன் என்று தெரியாமலே குடித்தான்.

சாயங்காலம் தெரசாவைக் கூப்பிட்டு ரிப்போர்ட்டைப் படிக்கச் சொன்னார்கள். ஷுக்கூர் பாய் பட்டையை இழுத்து நிமிர்ந்தார்.

"மொதலாவது, நடுப்பலகை எறங்கற கட்டிலு ஏற்கெனவே வேற தேசத்துல ஒருத்தரு பண்ணிட்டாருன்னு எழுதியிருக்கறாங்க," என்றாள் தெரசா. "ரெண்டாவது, காலையும் மாலையும் எண்ணெய் போட்டுப் புடிச்சுத் திருப்பிப் படுக்க வெக்கற மொறைன்னு நாம ஒண்ணு எழுதியிருக்கறம். மனுசனுக்கு வைத்தியம் பண்ற மொறைக்கெல்லாம் சட்டத்துல பேட்டண்ட் கெடையாதாம். மூணாவது..."

மூன்றாவதுக்கு வந்ததும் அவள் முகம் வெளுத்தது. வாய்க்குள்ளேயே ஒரு தடவை படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மூணாவது என்னா?"

"ஒரு வார்த்த வெளங்கலயாம். அது ஒண்ணும் இல்லீங்க, நேர்ல போனா சொல்லிக்கலாம். குறிச்ச தேதிக்குள்ள பதில் குடுக்கலாம், நேர்லயும் வந்து பேசலாம்னு போட்டிருக்கறாங்க."

ஷுக்கூர் பாய் சாய்ந்துகொண்டார். "அப்ப கேஸ் இன்னும் முடியல. அப்பீலு இருக்குது. நான் படுத்திருக்கறன், நீங்க போயிட்டு வாங்க."

ரஹமத் உள்ளே போய்ப் பாயசப் பாத்திரத்தைக் கழுவினாள். அவள் கழுவின சத்தம் பட்டறை வரைக்கும் கேட்டது.

மெட்ராஸுக்கு நசீருதீனும் நானும் போனோம். ஃப்ரீவீல்காரன் என்கிற முறையில் என்னையும் கூப்பிட்டான். திருவள்ளுவர் பஸ், வேலூர் தாண்டினதும் வேர்வை, இறங்கினதும் கடல் காற்று. ஆபீசில் எங்களைக் கூப்பிட்டது அரைக்கை சட்டை போட்ட ஒரு ஆபீசர். கடுகடுவென்று இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவரோ எங்களைப் பார்த்ததும் உட்காரச் சொல்லி, காகிதத்தைப் பிரித்து, எங்களுக்காகவே காத்திருந்தவர் போலச் சிரித்தார்.

"நீங்கதானா அது? 'பேட்டண்ட்டைப் புட்டத்தில் கை கொடுத்துத் தூக்காமலேயே'ன்னு எழுதினது?"

"ஆமாங்க," என்றான் நசீருதீன் பெருமையாக.

"'பேட்டண்ட் சிறுநீர் கழிக்கையில்'னு அடுத்த பக்கத்துல இருக்கு. நானும் ரொம்ப வருஷமா இதே வேலையில இருக்கேன். எவ்வளவோ பேட்டண்ட் பாத்தாச்சு. இதுவரைக்கும் ஒண்ணுகூடப் போனதில்லையே."

நசீருதீனுக்குப் புரியவில்லை. "எங்க மாமனாருதாங்க பேட்டண்ட்டு. அவரு நல்லாப் போறாருங்க."

ஆபீசர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, ஒரு தாளில் இரண்டு வார்த்தைகளையும் மேலும் கீழுமாக எழுதிக் காட்டினார். இது நீங்கள் வாங்க வந்தது. இது கட்டிலில் படுத்திருக்கிறது. நடுவில் ஒரு 'ஐ', அவ்வளவுதான் வித்தியாசம். எனக்கு அப்போது வந்த சிரிப்பை அடக்கினதில் விலா வலித்தது. நசீருதீன் சிரிக்கவில்லை. "இத்தன நாளா ஒரு எழுத்துக்காகவா மாமா படுத்துக் கெடந்தாரு," என்று மெதுவாகக் கேட்டான். ஆபீசருக்கு அது விளங்க நியாயம் இல்லை.

பிறகு அவர் ஒரு பழைய காகிதத்தின் நகலை எடுத்து வைத்தார். யாரோ ஒரு வெள்ளைக்காரன், ஆபீசர் பிறப்பதற்கு முன்னாலேயே வரைந்தது. மீசைக்காரர் ஒருவர் கட்டிலில் படுத்திருக்கிறார், நடுப்பலகை இறங்கியிருக்கிறது. நசீருதீன் அதை மேஜை மேல் விரித்து, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்த்தான். கோபமே இல்லை அவனுக்கு.

"பலகைக் கீல நல்லா வெச்சிருக்கறான்," என்றான். "பாவம், இவன் மாமனாரு எங்க உழுந்தாரோ."

"எண்ணெய் போட்டுப் பிடிக்கிறதை எடுத்துடுங்க. மனுஷனுக்குப் பண்ற சிகிச்சைக்கு யாருக்கும் உரிமை தரமாட்டோம்," என்றார் ஆபீசர்.

"நல்லதுங்க. தந்துட்டா, எம் பொண்டாட்டி அவ அத்தா காலப் புடிக்கறதுக்கு எவனையாவது பர்மிஷன் கேக்கோணும்."

மிஞ்சினது ஃப்ரீவீல். படுத்திருப்பவர் தன் கையாலேயே இழுத்து எழுந்துகொள்கிற அந்த அமைப்பை மட்டும் வேறு எங்கேயும் பார்த்த ஞாபகம் இல்லை என்றார் ஆபீசர். மற்றதையெல்லாம் அடித்துவிட்டு, அந்த ஒன்றை மட்டும் தெளிவாக எழுதி, 'ஐ' போட்டுத் திருப்பி டைப் அடித்து அனுப்பச் சொன்னார். அந்த ஒன்று பிற்பாடு பாஸ் ஆனது. கெஜட்டில் வந்தது, எதிர்த்து ஒருத்தரும் எழுதவில்லை, சீல் வைத்த காகிதமும் வந்தது. என் கடை ஃப்ரீவீலுக்காக நான் தெருவில் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். ஆனால் அதற்கெல்லாம் முன்னாலேயே நடக்க வேண்டியது நடந்துவிட்டது.

ஊர் திரும்பினதும் ரஹமத் வாசலிலேயே கேட்டாள். "என்னாங்க, பாஸா பெயிலா?"

"ஒரு சப்ஜெக்ட்ல மட்டும் பாஸு."

அவள் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள். முழுசாகப் பெயில் ஆகியிருந்தாலும் ஆயிற்று, முழுசாகப் பாஸ் ஆகியிருந்தாலும் ஆயிற்று. இரண்டும் கெட்டானாக வந்தால் அப்பாவை எப்படி இறக்குவது? கோடை பாதி போய்விட்டது. அன்றைக்குக் காலையில் கால் பிடிக்கும்போது இடது கெண்டைக்கால் சதை முன்னைவிட மெலிந்திருந்தது என்று அழுகிற குரலில் சொன்னாள். அப்புறம் நசீருதீன் 'ஐ' கதையைச் சொன்னான். அவள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு முழுதும் கேட்டாள்.

"பேஷண்ட்டுன்னா தமிழ்ல என்னாங்க?"

"நோயாளி."

"அத்தாவ யாராச்சும் இதுவரைக்கும் நோயாளின்னு சொல்லியிருக்கறாங்களா?"

யோசித்துப் பார்த்தோம். யாரும் சொன்னதில்லை. காய்ச்சலில் கிடந்தபோதுகூட, 'காய்ச்சலு நம்மகிட்ட வந்து மாட்டிக்கிச்சு' என்றுதான் அவர் சொல்வார். ரஹமத் எழுந்து உள்ளே போனாள். போகிற போக்கில், "டீச்சர அடிச்சு எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. படிச்சுக் காட்டித்தான் கையெழுத்து. அதான் நம்ம வூட்டு வழக்கம்," என்றாள்.

தெரசா வந்தபோது மத்தியானத்துக்கு முந்தின நேரம். அடுப்பில் கருவாட்டுக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. செய்த தப்பில் அவளுக்கு வெட்கம். சீக்கிரம் முணுமுணுத்துவிட்டுப் போய்விடலாம் என்று பார்த்தாள். ரஹமத் அவளுக்கு எதிரிலேயே நின்றுகொண்டாள்.

"ஒரு வார்த்த வுடாம படிங்க டீச்சர். இங்கிலீஷ் வார்த்தைய வுட்டுட்டுத் தமிழ்லயே சொல்லுங்க."

பாய் பட்டையை இழுத்து நிமிர்ந்தார். "படிங்க. என்னப் பத்தி என்னா போட்டிருக்குது?"

தெரசா காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டாள். "நோயாளியானவர் கட்டிலின் மேல் படுத்திருப்பார்."

"யாரு?"

"நோயாளி, தானாக எழ முடியாதவராகையால்..."

"யாருடி நோயாளி?"

"நீங்கதாங்க பாய். முன்னால நான் தப்பா அடிச்சுட்டன். பேட்டண்ட்டு இல்லீங்க, பேஷண்ட்டு. ஒரு 'ஐ' வுட்டுப்போச்சு."

ஷுக்கூர் பாய் நசீருதீனைப் பார்த்தார். அவன் சுவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தார். நான் குழம்பு வாசனை வருகிற திசையைப் பார்த்தேன். அவர் முகம் புளியங்கொட்டை நிறத்துக்கு வந்தது.

"மெட்ராஸ் வரைக்கும் போயி, என்ன நோயாளின்னு எழுதிக் குடுத்துட்டு வந்திருக்கறீங்க. தானா எழுந்திருக்க முடியாதவன்னு. கெஜட்டுல வேற போடுவானா? மலைக்காரன் எல்லாம் படிப்பான்."

"மலைக்காரங்க கெஜட்டு படிக்க மாட்டாங்க பாய்," என்றேன்.

"நீ சும்மா இருடா."

தெரசா நிலைமையைப் பார்த்துவிட்டுக் காகிதத்தைச் சுருட்டிக்கொண்டு வாசலில் இறங்கினாள். "நில்லு டீச்சரம்மா, அத அப்பிடியே அனுப்பிடாத," என்று பாய் கத்தினார். அவள் நிற்கவில்லை, இன்ஸ்டிடியூட்டைப் பார்த்து நடையை எட்டிப் போட்டாள். அடுத்து நடந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அவர் கைப்பிடியைப் பிடித்தார், இரண்டு காலையும் வெளியே போட்டார், எழுந்தார். எழுந்தது அவருக்கே தெரியவில்லை. நசீருதீன் பிடிக்கப் பாய்ந்தான். ரஹமத் அவன் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். "வுடுங்க," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "யாரும் கை வெக்காதீங்க."

பாய் வாசல் நிலையைப் பிடித்தார், சுவரைப் பிடித்தார், என் கடை வாசலில் நின்ற சைக்கிள்களை ஒவ்வொன்றாகப் பிடித்தார். அதற்கு மேல் பிடிக்க ஒன்றும் இல்லை. லுங்கியை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, இடது காலைச் சற்றே இழுத்து இழுத்துத் தெருவில் நடந்தார். வேப்பமரத்தடியில் புளி தட்டுகிற சத்தம் நின்றுபோனது. காசியம்மாள் கட்டையைக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள்.

"பாய், எறங்கலாமுங்களா? செக்கிங் வந்தா?" என்றாள்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்ஸ்டிடியூட்டில் டைப் பழகிக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் விரலை அப்படியே நிறுத்திவிட்டார்கள். தெரசா மேஜைக்குப் பின்னால் நின்றாள். பாய்க்கு மூச்சு வாங்கியது. மேஜை விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உக்காருங்க பாய்," என்று நாற்காலியைத் தள்ளினாள்.

"உக்காந்தா நோயாளின்னு சொல்லுவ. நிக்கறன். நல்லாப் பாத்துக்க."

அதற்குள் ரஹமத் வந்துவிட்டாள். கையில் அவருடைய செருப்பு. இத்தனை நாளாகப் பரண் மேல் கிடந்ததைத் துடைக்காமல்கூட எடுத்து வந்திருந்தாள். "இந்த வெயில்ல வெறுங்கால்ல வந்துட்டீங்களே அத்தா," என்றாள். செருப்பை வைக்கக் குனிந்தவள் அவர் பாதம் இரண்டையும் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

அப்போதுதான் பாய் குனிந்து தன் காலைப் பார்த்தார். தரையில் இருந்தது. வந்த தூரத்தைத் திரும்பிப் பார்த்தார். நெற்றியில் பொட்டுப் பொட்டாக வேர்த்தது. போச்சு, நினைவு வந்துவிட்டது, இனி உட்கார்ந்துவிடுவார் என்று நினைத்தேன். தெரசாவும் அதே நினைப்பில் மனமிரங்கிவிட்டாள்.

"வேணும்னா பழையபடி 'ஐ'ய எடுத்துடறனுங்க. நீங்க பேட்டண்ட்டாவே இருந்துக்கலாம். போயிப் படுத்துக்குங்க, நான் அடிச்சுக் கொண்டாறன்."

காலடியில் மகள் விசும்புகிற சத்தம் மட்டும் கேட்டது. அவர் ஒரு கையை மேஜையிலிருந்து எடுத்து அவள் தலை மேல் வைத்தார். இன்னொரு கையையும் எடுத்துவிட்டார்.

"பதவி போன எம்.எல்.ஏ.வுக்கு முன்னால என்னமோ போடுவாங்களே, அது என்னா?"

"எக்ஸ்ங்க. எக்ஸ் எம்.எல்.ஏ."

"அதப் போடு. எக்ஸ் பேஷண்ட்டுன்னு அடி."

தெரசாவுக்குப் பிழை திருத்துகிற புத்தி எங்கே போகும். "அப்பிடி அடிச்சா தப்பாயிடுமுங்க பாய். எக்ஸ் பேஷண்ட்டு எதுக்குக் கட்டில்ல படுத்திருக்கறாருன்னு ஆபீசரு கேப்பாரு."

"கேக்கட்டும். நானும் அதத்தான் கேக்கறன்," என்று சொல்லிவிட்டு ஷுக்கூர் பாய் செருப்பில் காலை நுழைத்தார்.